இடதுபக்கப் பின்கதவு

பனி மலையடியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

யசோதினி அதைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. வலது கையில் ஸ்பிரே கன். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிய ஈரத்துண்டு. காலடியில் வளைந்து கிடந்த காற்றுக்குழாய், கொஞ்சம் அசந்தால் ஆளை வாரிவிடக் காத்திருந்தது. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட கொட்டகைக்குள், கிழட்டு ஒஸ்டின் காரின் கூரையும் கதவுகளும் குங்குமச் சிவப்பாகிவிட்டிருந்தன. மிச்சம் பொனட் மட்டும்தான்.

"கைய நிறுத்தாத. நிறுத்துன இடத்துல வழியும்" என்று கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான் அவள் புருஷன் இந்திரஜித். இடது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. பத்து நாளைக்கு முன்னால் பம்பரைக் கழற்றப் போய், ஜாக்கி சறுக்கி வாங்கிக்கொண்டது. பெயின்ட் அடிக்க வேண்டியவன் அவன்தான். அவனும் பிறந்ததிலிருந்து ஒரு தகரத்துக்குக்கூட பெயின்ட் அடித்ததில்லை. ஆனால் போனில் பத்து வீடியோ பார்த்திருந்தான். அந்தப் பத்தும் இப்போது அவன் வாய் வழியாக வந்துகொண்டிருந்தன.

கடைசிக் கோட்டை இழுத்து முடித்து, துண்டை இறக்கி, யசோதினி மூச்சு விட்டாள். பசறை ரோட்டு டயர் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த கம்பிரசர் இரைச்சலை நிறுத்தியது. மணி மூன்றேகால்.

நாத்தனார் துஷ்யந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தவள், கோப்பையை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"அண்ணி, செவப்பு வெளுக்குது."

யசோதினி திரும்பினாள். ஈரமாய் மின்னிக்கொண்டிருந்த கூரையின் மேல், ஆறும் பாலில் ஏடு படிகிற மாதிரி ஒரு வெண்மை படிந்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து கதவு, கதவிலிருந்து மட்கார்ட். கொட்டகைக்குள் நுழைந்த பனி காரைத் தொட்டுத் தொட்டு நகர, தொட்ட இடமெல்லாம் சிவப்பு செத்தது. ஐந்து நிமிஷத்தில், யாரோ சாம்பலை அள்ளி முழு வண்டிக்கும் பூசிவிட்டுப் போனதுபோல் நின்றது ஒஸ்டின்.

தண்ணிக் கான் ஓரத்தில் துணி அலசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் காம்பரா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, ஒத்திகைக்காக இவர்கள் காலையில் அதே பெயின்ட் அடித்துப் பார்த்த கக்கூஸ் கதவையும் பார்த்தாள். அது கண்ணாடி மாதிரி சிவந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

"கக்கூசுக்குக் கல்யாணக் களை. காருக்குச் சாவுக் களை" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிக்கிற நிலைமை இல்லை.

*

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கோயிலில் துஷ்யந்திக்குக் கல்யாணம். இன்றைக்குச் செவ்வாய்.

மாப்பிள்ளை ஜனுஷன் பண்டாரவளையில் போன் கடை வைத்திருக்கிறவன். நல்ல பையன். அவனுடைய அம்மா ராமாமிர்தம் தெமோதரைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறித்துத் தனி ஆளாய்ப் பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அது வந்ததுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னால் அந்த அம்மாள் போன் எடுத்து, சாப்பாடு, மேளம், மாலை எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் சாவதானமாகக் கேட்டாள், பொண்ணு எந்த வண்டியில் வருது என்று. எங்க வண்டியிலதான் என்றாள் யசோதினி. அதற்கு அந்த அம்மாள் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நான் பாத்ததில்ல, கேள்விப்பட்டேன். சாவு ஏத்துன வண்டியில எம் மருமக ஏறக்கூடாது. கோயிலுக்கு எப்படியோ கூட்டிட்டு வாங்க. தாலி கட்டுன பொறகு நாங்க வேன் கொண்டாரோம்."

கேள்விப்பட்டது பொய்யில்லை. பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம், இந்திரஜித்தின் அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். பிரேதம் ஏற்றுகிற வேன்களுக்கெல்லாம் டீசல் இல்லை. இவனிடம் ஒரு கேனில் நாலு லீட்டர் பெட்ரோல் இருந்தது. அம்மாவை ஒஸ்டினின் பின்சீட்டில் கிடத்தினான். தலையைத் துஷ்யந்தி மடியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் இருக்கிற ஊத்துமலைத் தோட்டம் வரைக்கும் பதினெட்டுக் கிலோமீட்டர், பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து, தூங்குகிற ஆளைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தான்.

அதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். எங்க அப்பாவையும் கொண்டாந்து குடு தம்பி என்று வாசலில் நின்றவர்களிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வரிசைகள் முடிவதற்குள் ஐந்து பேர் அந்தப் பின்சீட்டில் வீடு வந்து சேர்ந்தார்கள். நன்றி சொன்ன அதே வாய்கள்தான், பெட்ரோல் தாராளமாய்க் கிடைக்க ஆரம்பித்ததும், அதற்குச் சாவு வண்டி என்று பெயர் வைத்தன. அதற்குப் பிறகு சடங்கு வீடு, கல்யாண வீடு, திருவிழா எதற்கும் அந்த வெள்ளைக் காரை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ராமாமிர்தம் சொன்னதைக் கேட்டுத் துஷ்யந்தி அழவில்லை, சண்டை போடவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா கடைசியா வந்த வண்டி அது. அது ஆகாதுன்னா எங்கம்மாவும் ஆகாதுன்னு அர்த்தம். அண்ணன் வண்டி இல்லன்னா நான் நடந்து போறேன்."

நடந்து போகக்கூடியவள்தான். அதுதான் பயம். கோயில் வாசலில் ஒரு பக்கம் வேன், ஒரு பக்கம் கார், நடுவில் மணப்பெண் என்று நின்றால் அந்தக் கல்யாணம் என்ன ஆகும்?

நிறம் மாறினால் பேரும் மாறும் என்று சொன்னவன் இந்திரஜித். கராஜில் விட்டு அடிக்க வசதி இல்லை, வீட்டிலேயே அடிப்போம் என்றதும் அவன்தான். அவனுடைய முதல் யோசனை, தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற முதுகு டேங்கி. ஸ்பிரே என்றால் எல்லாம் ஸ்பிரேதானே என்றான். தின்னர் கலந்த பெயின்டை அதில் ஊற்றிப் பத்து நிமிஷத்தில், உள்ளேயிருந்த ரப்பர் வாசர்களையெல்லாம் தின்னர் தின்றுவிட்டது. டேங்கி முதுகிலேயே ஒழுக, சட்டையும் முதுகும் சிவப்பாக அவன் லயத்தைச் சுற்றி ஓடியதைப் பார்த்து, யாரோ வெட்டிவிட்டார்கள் என்று மேட்டு லயத்துக் கிழவர் ஒருவர் கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் கம்பிரசர், ஜாக்கி, மாவுக்கட்டு. அதற்கப்புறம்தான் கன் யசோதினியின் கைக்கு வந்தது.

இப்போது சாம்பல்.

*

புதன்கிழமை காலை யசோதினி ஸ்டோருக்கு வேலைக்குப் போனாள். தேயிலைத் தொழிற்சாலையான அந்த ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் அவளுக்கு வேலை. நீள நீளமான தொட்டிகளில் கொழுந்தை உதறிப் பரப்புவது, அடியிலிருந்து வருகிற காற்றைக் கூட்டிக் குறைப்பது, மணிக்கொரு தரம் சுவரில் தொங்கும் இரண்டு தெர்மோமீட்டரைப் பார்த்து அட்டையில் எழுதுவது. ஒன்று சும்மா தெர்மோமீட்டர். மற்றதன் நுனியில் ஈரத்திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஆறு ஏழு டிகிரி வித்தியாசம் இருந்தால் காற்று காய்ந்திருக்கிறது, கொழுந்தின் ஈரத்தை வாங்கும். வித்தியாசம் ரெண்டுக்கு இறங்கினால் காற்றுக்கே தண்ணீர் தாங்கவில்லை, வாங்க மாட்டாது. அப்போது கீழேயிருந்து சூட்டுக் காற்றைத் திறக்க வேண்டும். பதினோரு வருஷமாக இதைச் செய்கிறாள். தெர்மோமீட்டரைப் பார்க்காமலே புறங்கையால் காற்றைச் சொல்வாள்.

ஆனால் அன்றைக்கு அவள் மனசு கொழுந்தில் இல்லை. கக்கூஸ் கதவில் இருந்தது.

அதே பெயின்ட். அதே கன். அதே கை. கதவு பளபளக்கிறது, கார் சாம்பலாகிறது. ஏன்?

எட்டு மணிக் கணக்கை எழுத அட்டையை எடுத்தவள், கை தவறி நேற்றைய அட்டையைப் புரட்டிவிட்டாள். நேற்று அவளுக்கு லீவு. வேறு கையெழுத்து. பதினொரு மணி: ஆறு. மூன்று மணி: ஒன்று.

கக்கூஸ் கதவை அடித்தது பதினொரு மணிக்கு. காரை அடித்து முடித்தது மூன்றேகாலுக்கு.

அட்டையைப் பிடித்த விரல் அப்படியே நின்றது. தின்னர் கையில் பட்டால் ஐஸ் வைத்த மாதிரி குளிருமே. தகரத்தின் மேலும் அப்படித்தானே குளிர்ந்திருக்கும். குளிர்ந்த தகரத்தில் பனி தண்ணியாய் இறங்கியிருக்கும். சாம்பல் இல்லை அது. தண்ணி. பெயின்டுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணி.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சிவஞானம் படியேறி வரும்போது, யசோதினி தெர்மோமீட்டரைப் பார்த்துத் தன்னந்தனியாய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள். சங்கதியைச் சொல்லி, உறை உடைந்து அலுமாரியில் கிடக்கிற பழைய ஜோடித் தெர்மோமீட்டரை ஞாயிறு வரைக்கும் தரச் சொன்னாள். மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, காரையும் வாட்டப் போறியா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

சாயந்திரம் விவரம் கேட்ட இந்திரஜித்துக்கு உடனே பதினோராவது வீடியோ உதித்துவிட்டது. அப்படின்னா காரை ஸ்டோர் மேல்மாடிக்கே ஏத்திட்டா என்ன, அங்கதான் சூட்டுக் காத்து இருக்கே என்றான்.

"கொழுந்து தின்னர் வாசம் புடிக்கும். கொழும்புல ருசி பாக்குறவர் வாயில வச்ச அடுத்த நிமிஷம் என் வேலை போயிரும். பேசாம இருங்க."

சரி, கொட்டகைக்குள் நாலு கரிச்சட்டி வைத்துச் சூடாக்கினால் என்ன என்றான். தின்னருக்குப் பக்கத்தில் நெருப்பு வைத்தால் கார் மட்டுமல்ல, லயமே சூடாகும் என்று அதையும் தள்ளிவிட்டாள்.

*

புதன் சாயந்திரமும், லீவு போட்டு வியாழன் முழுக்கவும் தேய்ப்பு. சவுக்காரத் தண்ணியில் வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்து, யசோதினியும் துஷ்யந்தியும் ஆளுக்கொரு பக்கம். கல்யாணப் பொண்ணு கையில நலங்கு பூச வேண்டிய நேரத்துல பேப்பர் தேய்க்கிறா என்று லயமே பேசியது. பேசியவர்களில் ரெண்டு பேர் வந்து ஆளுக்கொரு மட்கார்டை எடுத்துக்கொண்டார்கள்.

சாம்பல் போயிற்று. சிவப்புப் போயிற்று. அதற்கடியில் வெள்ளை. அதையும் தேய்க்கத் தேய்க்க, கூரை ஓரத்தில் ஒரு பச்சை எட்டிப் பார்த்தது. இளம் பச்சை. பறித்து இன்னும் வாடாத கொழுந்தின் பச்சை. டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால், அங்கே அதே பச்சை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"இதுதான் இதோட சொந்த நெறம் போல" என்றாள் துஷ்யந்தி.

சிவப்பில் அரை டின்தான் மிச்சம். எப்படியும் புதிதாக வாங்கியாக வேண்டும். யசோதினி பெட்ரோல் மூடிக் கதவைக் கழற்றி, உட்பக்கப் பச்சை தெரிய, பேப்பரில் சுற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனாள்.

பதுளைக் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவர் ஷிராஸ். இந்தக் காரை இந்திரஜித்துக்கு விற்றது அவருடைய வாப்பா இப்றாஹீம்தான். அந்தக் காலத்தில் பதுளை ஸ்டாண்டில் இதே காரை வாடகைக்கு, ஹயர் ஓட்டினவர். அவர் கண்ணை மூடி ஐந்து வருஷமாகிறது. பெட்ரோல் மூடியைப் பேப்பரிலிருந்து எடுத்து மேசையில் வைத்ததும் ஷிராஸ் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எங்கட வாப்பாட பச்சை" என்றார். "எல்லவைச் சுத்திப் பாக்க வாற வெள்ளைக்காரரை ஏத்த வெள்ளைக் கார்தான் எடுப்பா இருக்கும்னு யாரோ சொன்னதைக் கேட்டு மாத்தினார். மாத்தின நாள்ல இருந்து உம்மாவோட சண்டை."

அவரே பக்கத்தில் நின்று நிறம் கலந்தார். மூன்று தரம் தொட்டுப் பார்த்து, மூன்று தரம் திருத்தினார். மழைக் காலத்துக்கென்று மெதுவாகக் காய்கிற தின்னர் ஒன்று இருக்கிறது, சிவப்பு வாங்கினபோதே அதைத்தான் தந்திருக்க வேண்டும், தன் பிழை என்று சொல்லி அதையும் பையில் வைத்தார். இந்திரஜித் கட்டுப்போட்ட கையோடு எப்படிக் கியர் போடுவான், ஞாயிற்றுக்கிழமை யார் ஓட்டுவது என்று கேட்டார். அதை அந்த வீட்டில் இன்னும் ஒருத்தரும் யோசித்திருக்கவில்லை.

"நான் வாறேன் தங்கச்சி. அந்த இடதுபக்கப் பின்கதவு இன்னும் அதே மாதிரிதானா?"

அதே மாதிரிதான் என்றாள் யசோதினி. அந்தக் கதவு வெளியாள் கைக்குத் திறக்காது. கைபிடியை ஒரு விரல் அளவு மேலே தூக்கி, முழங்காலால் கதவின் அடியை உள்ளே தள்ளி, அப்புறம் இழுக்க வேண்டும். தெரியாதவர்கள் இழுத்து இழுத்து வேர்த்துப்போய் மற்றப் பக்கம் சுற்றி வருவார்கள். ஷிராஸ் ரொம்ப நேரம் சிரித்தார்.

*

சனிக்கிழமை.

கொட்டகையின் கம்பில் ஜோடித் தெர்மோமீட்டர் தொங்கியது. லயத்தின் முன்பக்கம் கல்யாண வீடு தொடங்கிவிட்டது. கல் அடுப்பில் பெரிய கிடாரம், ஸ்பீக்கரில் பாட்டு, வந்து இறங்கும் உறவுகள். பின்பக்கத்தில் யசோதினி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

எட்டு மணிக்கு வித்தியாசம் ஒன்று. ஒன்பதுக்கு ரெண்டு. ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று இந்திரஜித் கேட்டான். மாமா கேட்டார். பசறையிலிருந்து வந்த சித்தி, பெயின்ட் அடிக்க நல்ல நேரம் பார்க்கிறாளோ என்று கேட்டாள். பத்துக்கு மூன்று. வெயில் ஒரு துண்டு மலையைத் தாண்டி விழுந்தது. காரை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். தகரம் சூடேறட்டும்.

பதினொன்று இருபதுக்கு வித்தியாசம் ஐந்து.

"தள்ளுங்க" என்றாள்.

நாலு பேர் காரைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். கம்பிரசர் உறுமியது. கூரையில் முதல் கோடு விழுந்தது, கொழுந்துப் பச்சை. இந்தத் தரம் அவளுக்குக் கை பழகியிருந்தது. தொட்டியில் கொழுந்தை உதறிப் பரப்புகிற அதே வீச்சு: நிற்காமல், நெருங்காமல், ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மூட. பதினோரு வருஷமாக இந்தக் கை செய்கிற வேலைதானே என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

கூரை முடிந்தது. பொனட் முடிந்தது. வலது பக்கம் முடிந்தது. அப்போது கம்பிரசர் இருமியது. இருமி, நின்றது.

மின்சாரம் போகவில்லை. ஒரே வயரில் ஸ்பீக்கர், சம்பல் அரைக்கிற கிரைண்டர், சீரியல் லைட், கம்பிரசர் எல்லாம் தொங்கினால் அது என்ன செய்யும். இந்திரஜித் மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினான். ஒரு நிமிஷத்தில் பாட்டு நின்றது. கிரைண்டர் நின்றது. கல்யாண வீடே வாயை மூடிக்கொண்டது. என்ன என்று பார்க்க, கரண்டியும் கையுமாகச் சனம் பின்பக்கம் வந்து சேர்ந்தது. கம்பிரசர் மறுபடி உயிர் பிடித்தது. நாற்பது பேர் பார்த்திருக்க, யசோதினி இடது பக்கத்துக்குப் போனாள்.

முன்கதவு முடிந்தது. பின் மட்கார்ட் முடிந்தது. மிச்சம் இடதுபக்கப் பின்கதவு ஒன்றுதான். அவள் கன்னை உயர்த்தி, உயர்த்தியவாக்கில் நிறுத்தினாள். புறங்கையில் எதுவோ பட்டது.

"துஷி, எத்தன?"

துஷ்யந்தி தெர்மோமீட்டருக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். "ரெண்டு அண்ணி. ரெண்டுக்கும் கொறைவு."

பள்ளத்தாக்கிலிருந்து பனி, வெள்ளை வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருகிற ஆள் மாதிரி, தேயிலைக்கு மேலாக நடந்து வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு மணிநேரம் முந்தி.

ஒரு கதவுதானே, அடிச்சிரு என்றார்கள் சிலர். அந்த ஒரு கதவு வழியாகத்தான் துஷ்யந்தி ஏறவேண்டும். பச்சைக் காரில் சாம்பல் பூத்த ஒரே கதவு, அதுவும் பெண் ஏறுகிற கதவு. யசோதினி கண்ணை மூடினாள். ஸ்டோரில் இப்படி ஆனால் என்ன செய்வாள்? கீழேயிருந்து சூடு திறப்பாள். நெருப்பு இல்லாத சூடு. அடியிலிருந்து சூடு.

கண்ணைத் திறந்தபோது எதிரே கிடாரத்துக் கரண்டியோடு சித்தி நின்றாள்.

"சித்தி, அடுப்புல சுடுதண்ணி இருக்கா?"

"ஒரு கிடாரம் கொதிக்குது."

"போத்தல் வேணும். கண்ணாடிப் போத்தல். எவ்வளவு கிடைச்சாலும்."

கல்யாண வீட்டில், அதுவும் அந்த லயத்தில், சாராயப் போத்தலுக்கா பஞ்சம். ஆளுக்கு ரெண்டு கொண்டுவந்தார்கள். ஒளித்து வைத்திருந்தவர்களும் வெட்கப்படாமல் கொண்டுவந்தார்கள். யசோதினி அந்தக் கதவின் உள்பலகையைக் கழற்றினாள். வெளித் தகரத்தின் முதுகு தெரிந்தது. கைபிடியிலிருந்து இறங்குகிற கம்பி ஒன்று நடுவில் வளைந்து கிடந்ததும் தெரிந்தது. கதவின் பிடிவாதத்துக்குக் காரணம் அதுதான். நிமிர்த்திவிடவா என்று புருஷனைப் பார்த்தாள். நேரமில்லை, அது அப்படியே கிடக்கட்டும் என்று தலையாட்டினான் அவன்.

அடுப்பிலிருந்து கொட்டகை வரைக்கும் பெண்கள் வரிசை. சுடுதண்ணிப் போத்தல் துணியில் சுற்றிக் கை மாறிக் கை மாறி வந்தது. துஷ்யந்தி உள்ளே உட்கார்ந்து, போத்தல்களைத் தகரத்தின் முதுகோடு அணைத்து அடுக்கினாள். ஆறியதை எடுத்து அடுத்ததை வைத்தாள். யசோதினி வெளித் தகரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

பனி கொட்டகைக்குள் நுழைந்தபோது அவள் முதல் கோட்டை இழுத்துவிட்டிருந்தாள். ரெண்டாவது பூச்சு. மூன்றாவது. கன்னை இறக்கினாள். கம்பிரசர் நின்றது. நாற்பது ஜோடிக் கண்ணும் அந்தக் கதவின் மேல்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

கதவு பச்சையாகவே இருந்தது. பனி அதைத் தொட்டுப் பார்த்து, உள்ளே போக வழி கிடைக்காமல், ஓரமாக விலகிப் போயிற்று. பக்கத்துக் காம்பரா அக்கா முன்னால் வந்து குனிந்து, அந்தப் பச்சையில் தன் முகத்தைப் பார்த்துக் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"ஏன்டி யசோ, எங்க அலுமாரிக்கும் ஒரு கோட்டிங் அடிச்சுத் தாறியா" என்றாள்.

முன்பக்கத்தில் பாட்டு மறுபடி தொடங்கியது. இந்தத் தரம் சத்தம் கூடுதல்.

*

ஞாயிற்றுக்கிழமை ஷிராஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சித் துணியை எடுத்து, தூசு இல்லாத பொனட்டைத் துடைத்தார்.

கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தாலி கட்டியாயிற்று. மேளக்காரர்கள் முன்னால் வர, மாலையும் கழுத்துமாய் ஜனுஷனும் துஷ்யந்தியும் படியிறங்கினார்கள். வாசலில் ஒரு பக்கம் பூ கட்டிய வேன். மறு பக்கம் பச்சை ஒஸ்டின்.

துஷ்யந்தி கடைசிப் படியில் நின்றாள். வேனின் கதவு திறந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தாள். மேளம் அடிக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையை மெதுவாக்கினார். யசோதினி ராமாமிர்தத்தைத் தேடினாள். இந்த வண்டி அந்த வண்டிதான் என்று சொல்லாமல் விடலாம். வெள்ளையைத்தானே கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் பச்சைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் சம்பந்தியை ஏமாற்றின மாதிரி ஆகாதா.

ராமாமிர்தம் பின்னாலிருந்து வந்தாள். பட்டுச்சேலை, ஒல்லியான கறுத்த உடம்பு, கையில் குங்குமத் தட்டு. ஏன் நின்னுட்டீங்க என்று கேட்க வாயெடுத்தவள், காரைப் பார்த்தாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

யசோதினி எதிரே போய் நின்றாள். "சம்பந்தியம்மா, மறைக்க மாட்டேன். இது அந்த வண்டிதான். நெறத்த மட்டும்தான் மாத்தியிருக்கோம். எங்க மாமிய இதுலதான் வீட்டுக்குக் கொண்டாந்தோம்."

ராமாமிர்தம் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தட்டை யசோதினி கையில் திணித்துவிட்டு, காரைச் சுற்றி வந்தாள். முன் விளக்கைத் தொட்டாள். இடது பக்கம் போனாள். பின்கதவுக்கு முன்னால் நின்றாள்.

அது உங்களுக்குத் திறக்காது என்று சொல்ல இந்திரஜித் ஓர் அடி எடுத்து வைத்தான்.

ராமாமிர்தம் கைபிடியை ஒரு விரல் அளவு மேலே தூக்கினாள். முழங்காலால் கதவின் அடியை உள்ளே தள்ளினாள். இழுத்தாள். கதவு, தண்ணீரில் கத்தி இறங்குகிற மாதிரி, சத்தமில்லாமல் திறந்தது.

யசோதினி ஷிராஸைப் பார்த்தாள். ஷிராஸ் யசோதினியைப் பார்த்தார். சொல்லிக் கொடுத்தது அவருமில்லை, இவளுமில்லை.

பின்சீட்டின் ரெக்சினை உள்ளங்கையால் தடவிக்கொண்டே ராமாமிர்தம், டிரைவர் கதவருகே நின்ற ஷிராஸிடம் திரும்பி, அவர் முகச் சாயலை உற்றுப் பார்த்தாள்.

"ஒங்க வாப்பா பேரு இப்றாஹீமா?"

"ஓமம்மா."

"ரோட்டோரமா நிப்பாட்டிட்டு, கொட்டுற மழையில கொடைய எங்க பக்கம் புடிச்சிக்கிட்டு, திரும்பிப் பாக்காமலே ஒரு மணி நேரம் நின்னாரு. கூட வந்த எங்கக்கா எறங்கி இந்தப் பக்கம் வந்தா, கதவு தெறக்கத் தெரியல. தூக்கும்மா, முட்டியால தள்ளும்மான்னு மறுபக்கம் பாத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு. அந்த வலியிலயும் எனக்கு அது மறக்கல."

மேளம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ராமாமிர்தம் மருமகளின் கையைப் பிடித்துக் காருக்குள் ஏற்றினாள். முந்தானையை ஒதுக்கி விட்டாள். பிறகு, ஒன்றும் புரியாமல் மாலையோடு நின்ற மகனின் தோளில் கை வைத்தாள்.

"ஏறுடா. பதுளை ஆஸ்பத்திரின்னு சர்ட்டிபிகேட்டுலதான் எழுதியிருக்கு. நீ பொறந்தது ஹாலி-எலப் பாலத்துக்கு இந்தப் பக்கத்து வளைவுல, இந்தச் சீட்டுல."